வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறதா? படத்தைத் தொடாதீர்கள்

கேள்வி: இணையத்தில் பொருள் விற்பவர்களுக்குப் படம் திருத்திக் கொடுக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் அகன்ற வண்ண வீச்சுள்ள (வழக்கத்தைவிட ஆழமான நிறங்களைக் காட்டும்) புது மானிட்டர் ஒன்றை விண்டோஸ் கணினியில் இணைத்தேன். அன்றிலிருந்து ஃபோட்டோஷாப்பில் வெள்ளைப் பின்னணி மஞ்சளடிக்கிறது. பழைய போட்டோ வியூவரிலும் அப்படித்தான். அதே படத்தை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது, ஆனால் சிவப்புத் துணி கண்ணைக் கூசவைக்கிறது. மஞ்சளைப் போக்க நீலத்தைக் கூட்டி ஏற்றினேன். போனில் பார்த்தவர்கள் படம் நீலம் பாய்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். படத்துக்குள் இருக்கும் ப்ரொஃபைலை நீக்கியும் பார்த்தேன், எங்கேயும் எதுவும் மாறவில்லை. ஃபோட்டோஷாப்பைத் திறக்கும்போது மானிட்டர் ப்ரொஃபைல் பழுதடைந்ததாகத் தெரிகிறது என்று ஓர் எச்சரிக்கை வரும். 'யூஸ் எனிவே' அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்பேன். எந்த நிறத்தை நம்புவது? பிரவுசரில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டு நிறத்தையும் நம்பாதீர்கள். ஃபோட்டோஷாப் காட்டும் மஞ்சளும் தவறு, ஃபயர்ஃபாக்ஸ் காட்டும் சிவப்பும் தவறு. இரண்டுக்கும் காரணம் விண்டோஸில் உட்கார்ந்திருக்கும் ஒரே கோப்புதான்: உங்கள் மானிட்டருக்கென்று பதிவாகியிருக்கும் ஐசிசி ப்ரொஃபைல், அதாவது எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று சொல்லும் குறிப்பு. படத்திலும் குற்றம் இல்லை, பிரவுசரிலும் குற்றம் இல்லை. நீலம் கூட்டிய படங்களை எல்லாம் ஓரமாக எடுத்து வையுங்கள்; அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். ஃபோட்டோஷாப்பில் எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியில் (இணையப் படங்களுக்கு வழக்கமான நிறத் தொகுப்பு) புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் முறையே 128, 128, 128 என்ற சாம்பலால் முழுக்க நிரப்புங்கள். ஐட்ராப்பரை வைத்தால் மூன்று எண்ணும் 128 என்றே காட்டும். கண்ணுக்கு அது பழுப்பாகத் தெரிந்தாலும் எண் மாறாது, ஏனென்றால் அது கோப்பில் இருக்கும் எண். இப்போது பிரின்ட் ஸ்க்ரீன் அழுத்தி, பெயின்ட்டைத் திறந்து ஒட்டுங்கள். பெயின்ட்டின் கலர் பிக்கரால் அந்தச் சாம்பலைத் தொட்டு, 'எடிட் கலர்ஸ்' பெட்டியில் எண்களைப் பாருங்கள். திரைக்கு அனுப்புவதற்காக ஃபோட்டோஷாப் மாற்றிக் கொடுத்த எண்கள்தான் அங்கே இருக்கும். நல்ல ப்ரொஃபைலாக இருந்தால் மூன்றும் சமமாக இருக்கும், அல்லது ஒன்றிரண்டு எண்தான் வேறுபடும். உங்களுக்கு 138, 127, 110 போல ஏதாவது வந்தால், சாம்பலை மஞ்சளாக்கியது ப்ரொஃபைல்தான் என்பது உறுதி. சோதனைக்கு முன் விண்டோஸின் எச்டிஆரையும் ஆட்டோ கலர் மேனேஜ்மென்ட்டையும் அணைத்துவிடுங்கள். அவை இயங்கினால் நிறமாற்றத்தைச் செய்யும் இடமே வேறாகிவிடும், சோதனைக்குப் பொருள் இருக்காது.

அந்த 138, 127, 110 எப்படி வந்தது என்று பார்த்துவிட்டால் பழுது என்ன என்பது கண்ணில் படும்.

வண்ண மேலாண்மையில் ஒவ்வொரு நிறமும் இரண்டு தாவல் தாவுகிறது. படத்தின் ப்ரொஃபைல், '128 என்றால் இந்த நிறம்' என்று ஒரு நடுநிலை வெளிக்கு எடுத்துச் செல்கிறது. அந்த நிறத்தை இந்தத் திரையில் வரவைக்க எந்த எண்ணை அனுப்ப வேண்டும் என்று மானிட்டர் ப்ரொஃபைல் சொல்கிறது. நடுவில் இருக்கும் வெளியில் வெள்ளை என்பது எப்போதும் டி50 என்ற தர வெள்ளை. நிறத்தை அளவாகச் சொல்லும் அதன் எக்ஸ், ஒய், இசட் மதிப்புகள் 0.9642, 1.0000, 0.8249. மானிட்டரின் உண்மையான வெள்ளை டி65 (டி50-ஐவிட நீலம் கூடிய வெள்ளை) ஆக இருந்தாலும், ப்ரொஃபைல் எழுதுபவர் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளை டி50-க்குத் தகவமைத்துத்தான் எழுத வேண்டும். எழுதியது சரியா என்று பார்க்கக் கூட்டல் தெரிந்தால் போதும். வழக்கமான எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலில் சிவப்பின் இசட் 0.0139, பச்சையின் இசட் 0.0971, நீலத்தின் இசட் 0.7141. கூட்டினால் 0.825. டி50-இன் இசட் இதேதான்.

இந்தத் தகவமைப்பைச் செய்யாமல் டி65 மதிப்புகளை அப்படியே எழுதிவிட்டால் இசட் கூட்டல் 1.089 ஆகிவிடும். அப்படிப்பட்ட ப்ரொஃபைலை நம்பும் மென்பொருள், இந்த மானிட்டரில் நீலம் மிகையாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் குறைத்து அனுப்பும். எஸ்ஆர்ஜிபியின் முதன்மை நிறங்களையே வைத்துக் கணக்குப் போட்டால், 255, 255, 255 என்ற வெள்ளை ஏறக்குறைய 255, 252, 221 ஆகிறது. 128 சாம்பல் 138, 127, 110 ஆகிறது. நீங்கள் பார்க்கும் மஞ்சள் இதுதான். உங்கள் மானிட்டரின் முதன்மை நிறங்கள் வேறு என்பதால் எண்கள் கொஞ்சம் மாறும்; மஞ்சள் பக்கம் சாய்வது மாறாது.

உங்கள் ப்ரொஃபைலை நேராகவே திறந்து பார்க்கலாம். எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் இலவசம், ப்ரொஃபைல் கோப்பை அதில் கொடுத்தால் ரெட், கிரீன், புளூ மேட்ரிக்ஸ் காலம் என்று மூன்று வரிகள் வரும், ஒவ்வொன்றிலும் மூன்று எண்கள் இருக்கும். மூன்று வரிகளின் கடைசி எண்களைக் கூட்டுங்கள். 0.82-ஐ ஒட்டி வராவிட்டால் அந்தக் கோப்பு எந்த வேலைக்கும் உதவாது. விண்டோஸில் ப்ரொஃபைல்கள் எல்லாம் சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், டிரைவர்ஸ், கலர் என்ற ஃபோல்டரில் இருக்கும்.

ஃபயர்ஃபாக்ஸில் வெள்ளை வெள்ளையாகவே நின்றதற்கும் இந்தக் கூட்டல்தான் காரணம். ஃபயர்ஃபாக்ஸின் வண்ண எஞ்சின் மானிட்டர் ப்ரொஃபைலைப் படித்தவுடன் இதே கூட்டலைப் போட்டுப் பார்க்கிறது. எக்ஸிலோ ஒய்யிலோ 0.02-க்கு மேல், அல்லது இசட்டில் 0.04-க்கு மேல் விலகினால் அதைப் போலி ப்ரொஃபைல் என்று தள்ளிவிட்டு, மானிட்டர் எஸ்ஆர்ஜிபி என்று வைத்துக்கொள்கிறது. எந்தச் செய்தியும் காட்டாது. உங்கள் கணினியில் அது தள்ளிவிட்டிருக்கிறது. அதனால்தான் மஞ்சள் இல்லை. ஆனால் உங்கள் மானிட்டர் எஸ்ஆர்ஜிபி இல்லையே! அதன் சிவப்பு எஸ்ஆர்ஜிபியின் சிவப்பைவிட ஆழமானது. எஸ்ஆர்ஜிபியில் 255, 0, 0 என்ற சிவப்பை டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற வண்ணவெளி அளவுள்ள திரையில் சரியாகக் காட்ட 234, 51, 35 என்று அனுப்ப வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் 255, 0, 0 என்றே அனுப்புகிறது, திரை தன்னிடம் உள்ள முழுச் சிவப்பையும் கொட்டுகிறது. துணி கண்ணைக் கூசவைப்பது இதனால்தான். சாம்பலிலும் வெள்ளையிலும் மூன்று எண்ணும் சமம் என்பதால் அங்கே இது தெரிவதில்லை, நிறம் அடர்ந்த இடத்தில் மட்டும் தெரியும்.

படத்திலிருந்து ப்ரொஃபைலை நீக்கியும் எதுவும் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மிகவும் உதவிய வரி அதுதான். படத்தின் ப்ரொஃபைல் எஸ்ஆர்ஜிபி. அதை நீக்கினாலும் ஃபோட்டோஷாப் தன் ஒர்க்கிங் ஸ்பேஸான எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். முதல் தாவலில் மாற்றம் இல்லை. பழுது இரண்டாவது தாவலில். ஃபோட்டோஷாப்பின் எச்சரிக்கையும் இதைத்தான் சொல்லியிருக்கிறது. அந்தப் பெட்டி வந்தால் 'இக்னோர் ப்ரொஃபைல்' கொடுங்கள். மஞ்சள் உடனே போய்விடும். ஆனால் அப்போது ஃபோட்டோஷாப்பும் ஃபயர்ஃபாக்ஸ் மாதிரியே சிவப்பை மிகைப்படுத்தும். ஆகவே அது அன்றைய வேலையை முடிக்க மட்டும் உதவும்.

இப்படி ஒரு ப்ரொஃபைல் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மானிட்டரோடு வந்த டிரைவரிலிருந்து. புது மானிட்டரைச் செருகியவுடன் விண்டோஸ் அப்டேட் அந்த மாடலுக்கான டிரைவரை இறக்கி, கூடவே தயாரிப்பாளர் கொடுத்த ப்ரொஃபைலையும் பதிந்துவிடும். அது உங்கள் மேசையில் இருக்கும் பேனலை அளந்து எழுதியது அல்ல, அந்த மாடல் முழுவதற்கும் ஒன்றாக எழுதியது. சில சமயம் இப்படி அடிப்படைக் கூட்டலே தவறாக இருக்கும். மானிட்டர் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் ஈடிஐடி தகவலிலிருந்து ப்ரொஃபைல் உருவாவதும் உண்டு. மேக்கில் வெளி மானிட்டருக்கு வழக்கமாக நடப்பது இதுதான். ஈடிஐடி 128 பைட் கொண்ட சின்னக் குறிப்பு. அதில் முதன்மை நிறங்களுக்கு 10 பிட் எண்கள், காமாவுக்கு (எண் கூடக்கூட வெளிச்சம் எப்படிக் கூடும் என்பதன் அளவு) ஒரே ஒரு பைட். அந்த எண்களைப் பழைய மாடலிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தால், உருவாகும் ப்ரொஃபைலும் அந்தப் பழைய மாடலைத்தான் விவரிக்கும். ஆக, மானிட்டருக்கு ஒரு ப்ரொஃபைல் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து அதை நம்பிவிடக்கூடாது.

சரிசெய்வது எப்படி?

மானிட்டரின் பொத்தான் மெனுவிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிட்டு, டைனமிக் கான்ட்ராஸ்ட், நிறத்தைத் தூக்கிக் காட்டும் வசதிகள், நீல ஒளி குறைப்பான் எல்லாவற்றையும் அணையுங்கள். விண்டோஸின் நைட் லைட்டையும் அணையுங்கள். அது ஸ்க்ரீன்ஷாட்டில் பிடிபடாமல் திரையை மட்டும் மஞ்சளாக்கும், சோதனையைக் குழப்பும். பிறகு பிக்சர் மோடில் எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுங்கள். அகன்ற வீச்சுள்ள மானிட்டர்களில் பெரும்பாலும் இந்த மோட் உண்டு. திரையின் வண்ண வீச்சை அதுவே எஸ்ஆர்ஜிபிக்குள் அடக்கிவிடும். சில மானிட்டர்கள் இந்த மோடில் வெளிச்சத்தை மாற்ற விடாது. அறைக்கு அந்த வெளிச்சம் ஒத்துவந்தால் சிக்கல் இல்லை.

அடுத்து ஸ்டார்ட் மெனுவில் 'கலர் மேனேஜ்மென்ட்' என்று தேடித் திறங்கள். டிவைசஸ் பக்கத்தில் உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, 'யூஸ் மை செட்டிங்ஸ் ஃபார் திஸ் டிவைஸ்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். இந்த டிக்கை மறந்தால் கீழே செய்யும் எதுவும் உங்கள் கணக்குக்கென்று பதிவாகாது, அடுத்த டிரைவர் அப்டேட்டில் பழைய கோப்பு திரும்பி வர வழியுண்டு. 'ஆட்' அழுத்தி, பட்டியலில் இருக்கும் எஸ்ஆர்ஜிபி ஐஇசி 61966-2.1-ஐச் சேர்த்து, அதைத் தேர்ந்தெடுத்து 'செட் ஆஸ் டிஃபால்ட் ப்ரொஃபைல்' கொடுங்கள். பழுதான ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து 'ரிமூவ்' செய்யுங்கள். ஃபோட்டோஷாப்பையும் எல்லா பிரவுசர்களையும் முழுக்க மூடித் திறங்கள். மானிட்டர் ப்ரொஃபைலை இவை தொடங்கும்போதே படித்து வைத்துக்கொள்ளும், ஓடிக்கொண்டிருக்கையில் மாற்றினால் கண்டுகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. எச்சரிக்கைப் பெட்டி இனி வராது. சாம்பல் சோதனையை மறுபடி செய்தால் 128, 128, 128 வர வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல், மானிட்டரும் எஸ்ஆர்ஜிபி மோடில் இருக்கும்போது மட்டும்தான் உண்மை. மானிட்டரை நேட்டிவ் அல்லது விவிட் மோடுக்கு மாற்றிவிட்டு இதை அப்படியே விட்டால், மஞ்சள் போயிருக்கும், ஆனால் எல்லா மென்பொருளிலும் சிவப்பு கூசும். ஃபோட்டோஷாப்பும் ஃபயர்ஃபாக்ஸும் ஒன்றுபோலக் காட்டுவதால் சரியாகிவிட்டது என்று தோன்றும். இரண்டும் ஒரே தவறைச் செய்கின்றன என்பதுதான் அதன் பொருள். நான் பார்க்கும் கேள்விகளில் பாதி இந்த இடத்தில்தான் நிற்கிறது.

எஸ்ஆர்ஜிபி மோட் இப்போதைக்குப் போதும். நிறத்துக்காகப் பொருள் திரும்பி வரும் அளவுக்கு வேலை இருந்தால் திரையின் நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டர் ஒன்றை வாங்கி அளந்துவிடுவதே சரி. மானிட்டரை அரை மணி நேரம் எரியவிட்டு அளக்க வேண்டும். வெளிச்சம் ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டலா, வெள்ளை டி65, காமா 2.2. வெளிச்சத்தையும் வெள்ளையையும் முடிந்தவரை மானிட்டரின் பொத்தான்களாலேயே கொண்டுவாருங்கள், மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும். கலரிமீட்டர் மென்பொருள் உங்கள் மானிட்டரின் பின்விளக்கு எந்த வகை என்று கேட்கும். அகன்ற வீச்சுள்ள எல்இடி மானிட்டருக்குச் சாதாரண வெள்ளை எல்இடி என்று கொடுத்துவிட்டால், கருவி வெள்ளையைத் தவறாக அளக்கும். திரை பச்சை அல்லது மெஜந்தா பக்கம் சாய்ந்திருக்க, அறிக்கை மட்டும் எல்லாம் சரி என்று சொல்லும். அறிக்கையில் சராசரி டெல்டா ஈ (வர வேண்டிய நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள இடைவெளி) 1-ஐச் சுற்றி இருந்தால் நல்ல அளவீடு. அளந்து முடித்த பின் மானிட்டரின் பொத்தான்களைத் தொடக்கூடாது. வெளிச்சத்தை மட்டும்தானே கூட்டினேன் என்று நினைக்கலாம், அப்போதே ப்ரொஃபைல் விவரிக்கும் திரை வேறாகிவிடுகிறது.

அந்த மென்பொருளில் ப்ரொஃபைல் வகை என்று ஒரு தேர்வு இருக்கும். பெரிய அட்டவணை கொண்ட எல்யுடி வகை, வளைவும் மேட்ரிக்ஸும் மட்டும் கொண்ட எளிய வகை என்று இரண்டு. எல்யுடி வகைதான் நுணுக்கமானது என்று பலர் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். ஃபோட்டோஷாப்புக்கு அது சரி. பிரவுசர்களுக்கு எளிய மேட்ரிக்ஸ் வகை, ஐசிசி பதிப்பு 2, மூன்று நிறத்துக்கும் ஒரே வளைவு என்று கொடுங்கள். பிரவுசர்கள் வேகத்துக்காகச் சுருக்கி எழுதிய வண்ண எஞ்சினை வைத்திருக்கின்றன. அட்டவணை வகையை ஃபோட்டோஷாப் கையாளும் அளவுக்கு அவை கையாளும் என்று நம்ப முடியாது. நிழல் பகுதிகளில் நிறக்கறை படிவதும், சரிவான நிறமாற்றத்தில் கோடு கோடாக விழுவதும் அங்கிருந்து வரலாம். மேட்ரிக்ஸ் வகையில் இழக்கும் நுணுக்கம் நல்ல மானிட்டரில் கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

இனி பிரவுசர். எஸ்ஆர்ஜிபி மோடிலேயே வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் எதையும் மாற்ற வேண்டாம். நேட்டிவ் மோடில் அளந்த ப்ரொஃபைலோடு வேலை செய்தால் ஃபயர்ஃபாக்ஸில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும்.

முகவரிப் பட்டையில் 'அபவுட் கான்ஃபிக்' பக்கத்தைத் திறந்து 'கலர் மேனேஜ்மென்ட்' என்று தேடுங்கள். 'மோட்' என்று முடியும் வரியில் 2 இருக்கும். ப்ரொஃபைல் ஒட்டிய படங்களை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்று பொருள். 0 என்றால் எதையும் மாற்றாது, 1 என்றால் எல்லாவற்றையும் மாற்றும். 2-இல் நடப்பதை ஒரு பொருள் பக்கத்தில் பாருங்கள். படத்தின் பின்னணி ஒரு குறிப்பிட்ட சிவப்பு. பக்கத்தின் பின்னணிக்கும் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறியீடு) அதே எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள், படம் பக்கத்தோடு கலந்து நிற்கட்டும் என்று. படத்தில் ப்ரொஃபைல் இருப்பதால் அதன் சிவப்பு 234, 51, 35 ஆகத் திரைக்குப் போகும். சிஎஸ்எஸ் சிவப்பு 255, 0, 0 ஆகவே போகும். படத்தைச் சுற்றி ஒரு சதுரம் தெளிவாகத் தெரியும். வடிவமைத்தவர் எண்களைச் சரிபார்ப்பார், இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும், தவறு எங்கே என்று பிடிபடாது. 1 என்று மாற்றி ஃபயர்ஃபாக்ஸை மறுபடி திறந்தால், ப்ரொஃபைல் இல்லாததையெல்லாம் எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு அதையும் மாற்றும்; சதுரம் மறைந்துவிடும். அதே பட்டியலில் 'டிஸ்ப்ளே ப்ரொஃபைல்' என்று முடியும் வரி ஒன்று உண்டு. விண்டோஸில் பதிவாகியிருப்பதை விட்டுவிட்டு வேறு ப்ரொஃபைலைப் பயன்படுத்து என்று சொல்ல, அந்தக் கோப்பின் முழுப் பாதையை அங்கே எழுதலாம். இரண்டு மானிட்டர் வைத்திருந்தால், நிறம் பார்க்கும் சாளரத்தை முதன்மை மானிட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

குரோமில் சிஎஸ்எஸ் நிறமும் ப்ரொஃபைல் இல்லாத படமும் தானாகவே எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளப்படும், அதனால் இந்தச் சதுரம் வராது. அங்கே மக்கள் தவறு செய்வது வேறு இடத்தில். நிறம் சரியில்லை என்று தேடினால் 'ஃபிளாக்ஸ்' பக்கத்தில் 'ஃபோர்ஸ் கலர் ப்ரொஃபைல்' என்பதை எஸ்ஆர்ஜிபி ஆக்கு என்ற ஆலோசனை கண்ணில் படும். அதைச் செய்தால், இந்த மானிட்டர் எஸ்ஆர்ஜிபிதான் என்று குரோமிடம் அடித்துச் சொல்கிறீர்கள். பழுதான ப்ரொஃபைல் மறைந்துவிடும், நிறம் சரியானதுபோல இருக்கும். நாளை மானிட்டரை ஒழுங்காக அளந்து ப்ரொஃபைல் போட்டாலும் குரோம் அதைப் பார்க்காது. ஆறு மாதம் கழித்து இந்த மாற்றம் யாருக்கும் நினைவிருக்காது. ஏற்கனவே மாற்றியிருந்தால் டிஃபால்ட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

மேக்கில் வேலை செய்பவர்களுக்கு: சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் பக்கத்தில் கலர் ப்ரொஃபைலைப் பாருங்கள், கலர்சிங்க் யுட்டிலிட்டியில் அதைத் திறந்து மேலே சொன்ன கூட்டலைப் போடலாம். ஸ்க்ரீன்ஷாட் சோதனை மேக்கில் பயன்படாது, ஏனென்றால் அங்கே ஸ்க்ரீன்ஷாட்டுக்குள்ளேயே மானிட்டர் ப்ரொஃபைல் ஒட்டிக்கொண்டு வரும்.

படத்தைச் சேமிக்கும் முறைக்கு வருகிறேன், ஏனென்றால் ப்ரொஃபைலை நீக்கிவிடலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கிறது. நீக்காதீர்கள். வேலையை எந்த வண்ணவெளியில் செய்தாலும், கடைசியில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, ப்ரொஃபைலை ஒட்டியே ஏற்றுங்கள். ஃபோட்டோஷாப்பின் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' பெட்டியில் 'கன்வர்ட் டு எஸ்ஆர்ஜிபி', 'எம்பெட் கலர் ப்ரொஃபைல்' இரண்டிலும் டிக் இருக்க வேண்டும். வழக்கமான எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல் 3144 பைட்தான். ஒரு பொருள் படத்தில் அது ஒரு சுமையே அல்ல. 'அசைன் ப்ரொஃபைல்' என்பதும் 'கன்வர்ட் டு ப்ரொஃபைல்' என்பதும் ஒன்றல்ல. கன்வர்ட் எண்களை மாற்றி நிறத்தைக் காப்பாற்றும். அசைன் எண்களை அப்படியே விட்டுவிட்டு, பெயரை மட்டும் மாற்றும், நிறம் மாறிவிடும். ஏற்றும் படத்துக்குக் கன்வர்ட்தான்.

மாற்றாமல், எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற வண்ணவெளியான அடோபி ஆர்ஜிபியிலேயே ப்ரொஃபைல் ஒட்டி ஏற்றினாலும் பிரவுசர் சரியாகக் காட்டுமே என்று கேட்கலாம். உங்கள் கோப்பை அப்படியே காட்டினால் சரிதான். ஆனால் பல தளங்கள் படத்தைச் சிறிதாக்கும்போது ப்ரொஃபைலைக் கழற்றிவிடும். அடோபி ஆர்ஜிபி எண்கள் பெயரில்லாமல் நின்றால் எல்லோரும் அவற்றை எஸ்ஆர்ஜிபி என்று படிப்பார்கள், சிவப்பும் பச்சையும் வெளுத்துப்போகும். எஸ்ஆர்ஜிபி எண்களாக இருந்தால், கழற்றினாலும் பெரும்பாலான இடங்களில் அதே நிறம்தான்.

போனைச் சான்றாக வைக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். நீலம் பாய்ந்ததாகப் போனில் பார்த்தவர்கள் சொன்னது இந்த முறை சரியாக இருந்தது, நீங்கள் உண்மையிலேயே நீலத்தைக் கூட்டியிருந்தீர்கள். ஆனால் பல போன்களில் நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் மோட் இருக்கிறது, அது தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கவும் கூடும். இரவில் நிறத்தை வெதுவெதுப்பாக்கும் வசதி வேறு. போனில் பார்த்துத் திருத்தத் தொடங்கினால் இதே கதை இன்னொரு முறை நடக்கும்.

கடைசியாக, ஏற்கனவே நீலம் கூட்டிய படங்கள். அவற்றின் மேல் மஞ்சள் கூட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். மஞ்சள் திரையைப் பார்த்துச் செய்த திருத்தம் வெள்ளையை மட்டும் தொட்டிருக்காது. துணியின் சிவப்பு, தோலின் பழுப்பு எல்லாவற்றையும் வெவ்வேறு அளவில் இழுத்திருக்கும், 255-ஐத் தொட்டுத் தட்டையான இடங்கள் திரும்பி வராது. ரா கோப்பிலிருந்து (கேமரா பதிந்த மூலக் கோப்பு) மறுபடி தொடங்குங்கள். சாம்பல் அட்டையோடு எடுத்த படம் இருந்தால் ஒயிட் பேலன்ஸ் ஐட்ராப்பரை அட்டையில் வையுங்கள். இல்லாவிட்டால் நிறமற்ற பின்னணியில், 255-ஐத் தொடாத ஓர் இடத்தில் வையுங்கள். பிறகு கண்ணை விட்டுவிட்டு இன்ஃபோ பேனலைப் பாருங்கள். பின்னணியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றிரண்டு எண்ணுக்குள் இருந்தால் அது வெள்ளைதான், திரையில் எப்படித் தெரிந்தாலும். எடுத்த படங்கள் நிறைய என்றால், ஒரே விளக்கில் எடுத்தவற்றை ஒரு கட்டாக வைத்து, முதல் படத்தின் ஒயிட் பேலன்ஸை மற்றவற்றுக்கு அப்படியே ஒட்டிவிடலாம். ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதில்லை.